பயண ட்ரெய்லருக்கு டயர் வாங்குமுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி என்று ஒரு சிறு வீட்டையே பிக்கப்புக்கோ காருக்கோ பின்னால் கட்டி இழுத்துப் போகிறவர்களுக்கான பக்கம் இது. இதில் வரும் டயர் அளவுகளும் குறியீடுகளும் வட அமெரிக்காவில் பயண ட்ரெய்லர்களுக்கென விற்கப்படும் எஸ்டி (ST) வகையைச் சேர்ந்தவை.

பட்டன் புதுசு மாதிரியே இருக்கிறது. அப்புறம் ஏன் ட்ரெய்லர் டயர் வெடிக்கிறது?

பட்டன் என்பது டயரில் சாலையைத் தொடும், பள்ளங்கள் வெட்டிய வெளிப்பகுதி. கார் டயர் தேய்ந்து சாகும். ட்ரெய்லர் டயர் பெரும்பாலும் தேயாமலே சாகும். வருடத்தில் சில வாரங்கள் ஓடி, மீதி நாட்கள் வெயிலில் ஒரே இடத்தில் நிற்கிற வண்டி இது. ஓடுகிற அந்தச் சில வாரங்களிலும் டயரின் முழு வலுவுக்கும் பாரம் ஏற்றப்பட்டிருக்கும். மேலே பட்டன் மொட்டையாவதற்குள், உள்ளே எஃகுக் கம்பிப் பட்டைகளுக்கு இடையிலுள்ள ரப்பர் சூட்டினாலும் வயதினாலும் பிடிப்பை இழக்கிறது. ஒருநாள் பட்டன் பகுதி மட்டும் தோல் உரிவதுபோல் கழன்று வரும். பார்க்கிறவர்கள் “திடீரென்று வெடித்தது” என்பார்கள். உண்மையில் அதற்கான வேலை பல மாதங்களுக்கு முன்பே, காற்று குறைவாக ஓடிய ஏதோ ஒரு பயணத்தில் தொடங்கியிருக்கும்.

ஆகவே பாரம், காற்று, சூடு, வயது இந்த நான்கையும் பார்த்த பிறகுதான் பட்டனின் ஆழம், டிசைன் எல்லாம்.

எஸ்டி, எல்டி, பி: எதை வாங்குவது?

டயரின் பக்கச்சுவரில் அளவுக்கு முன்னால் இருக்கும் எழுத்துகள் இவை. எஸ்டி என்றால் ட்ரெய்லருக்கு மட்டும். எல்டி என்றால் பிக்கப், வேன் போன்ற இலகு சரக்கு வண்டி. பி என்றால் பயணிகள் கார்.

எஸ்டி டயரின் பக்கச்சுவர் விறைப்பாக இருக்கும். உயரமான பெட்டி போன்ற வண்டி காற்றில் அங்குமிங்கும் ஆடாமல் இருக்க அது உதவும். இழுவை, ஸ்டியரிங் திருப்பம் ஆகியவற்றுக்காக அது வடிவமைக்கப்படவில்லை. எனவே இழுக்கும் வண்டியில் எஸ்டி டயரை மாட்டவே கூடாது.

எல்டி டயர் பொதுவாகக் கடினமான சோதனைகளைத் தாண்டி வருவது. அதனால் அதை ட்ரெய்லருக்கு மாட்டலாமா என்று பலரும் கேட்கிறார்கள். மாட்டலாம், கணக்கு ஒத்துவந்தால். எல்டி 235/85ஆர்16 ஈ ரகம் (ரகம் பற்றி அடுத்த கேள்வியில்) 80 பிஎஸ்ஐ (psi, காற்றழுத்த அளவு) காற்றில் 3,042 பவுண்டு தாங்கும். அதே அளவு எஸ்டி டயர் 3,640 பவுண்டு தாங்கும். அளவு ஒன்று, காற்று ஒன்று, தாங்கும் பாரத்தில் மட்டும் 600 பவுண்டு வித்தியாசம். அந்தக் கூடுதல் வலு எங்கிருந்தோ இலவசமாக வந்ததல்ல. எஸ்டி டயரின் பாரக் கணக்கு மணிக்கு 65 மைல் (105 கி.மீ.) வேகத்துக்குள் ஓடும் என்ற அடிப்படையில் போடப்பட்டது. வேகத்தை விட்டுக்கொடுத்துத்தான் பாரத்தை வாங்கியிருக்கிறார்கள். இதை மறந்துவிட்டு 80 மைலில் இழுப்பவர் டயரைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

பி வகை வேண்டாம். கட்டாயமாகப் போட நேர்ந்தால், பக்கச்சுவரில் உள்ள பார எண்ணை 1.10-ஆல் வகுத்து வரும் எண்தான் ட்ரெய்லரில் அதன் உண்மையான வலு.

சி, டி, ஈ என்ற பார ரகம் எதைக் குறிக்கிறது?

சி ரகம் 50 பிஎஸ்ஐ, டி ரகம் 65, ஈ ரகம் 80. ஆறு ப்ளை, எட்டு ப்ளை, பத்து ப்ளை என்று கடைக்காரர் சொல்வதும் இதைத்தான். இப்போது உள்ளே உண்மையில் அத்தனை அடுக்குகள் இருப்பதில்லை. அது பழைய கணக்கிலிருந்து வந்த பெயர்.

எஸ்டி 225/75ஆர்15 அளவை எடுத்துக்கொள்ளுங்கள். சி ரகம் 2,150 பவுண்டு (975 கிலோ), டி ரகம் 2,540 பவுண்டு (1,150 கிலோ), ஈ ரகம் 2,830 பவுண்டு (1,285 கிலோ). இந்த எண்கள் எல்லாம் அந்தந்த ரகத்தின் முழுக் காற்றுக்கு உரியவை. ஈ ரக டயரை வாங்கி 65 பிஎஸ்ஐ மட்டும் அடித்தால் உங்கள் கையில் இருப்பது 2,540 பவுண்டு டயர்தான். பாரத்தைச் சுமப்பது காற்று. டயர் அந்தக் காற்றைப் பிடித்துவைக்கும் பை.

என் ட்ரெய்லருக்கு எவ்வளவு பார வலு தேவை?

முதலில் ட்ரெய்லரின் இடப்பக்கச் சுவரில், முன்புறமாக ஒட்டியிருக்கும் தகவல் பட்டையைப் பாருங்கள். ஒவ்வொரு அச்சும் எவ்வளவு தாங்கும், என்ன அளவு டயர், எவ்வளவு காற்று என்று அதில் இருக்கும். தலா 3,500 பவுண்டு தாங்கும் இரண்டு அச்சுகள், நான்கு எஸ்டி 205/75ஆர்14 சி ரக டயர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டயர் 1,760 பவுண்டு. நான்கும் சேர்ந்து 7,040. அச்சுகளின் வரம்பு 7,000. அதாவது கைவசம் மிச்சம் வெறும் 40 பவுண்டு. சட்டப்படி சரி, சாலையில் சரியில்லை. அதே அளவில் டி ரகம் போட்டால் ஒரு டயர் 2,040, மொத்தம் 8,160. ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மிச்சம் கிடைக்கிறது.

மிச்சம் ஏன் வேண்டும்? நான்கு சக்கரங்களும் பாரத்தைச் சமமாகப் பகிர்வதில்லை. சமையல் மேடை, குளிர்பெட்டி, வெளியே நீளும் அறை எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கச் சக்கரங்கள் கூடுதலாகச் சுமக்கும். தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருந்தால் லிட்டருக்கு ஒரு கிலோ. 150 லிட்டர் தொட்டி 150 கிலோ. மொத்தம் வரம்புக்குள் இருந்தும் ஒரு தனி டயர் வரம்பைத் தாண்டியிருப்பது சாதாரணமாக நடப்பது.

எனவே எடைமேடைக்குப் போய்விடுங்கள். பயணத்துக்குப் போவதுபோலவே சாமான், தண்ணீர், எரிவாயு உருளை எல்லாம் ஏற்றிக்கொள்ளுங்கள். கொக்கி மாட்டிய நிலையில், ட்ரெய்லரின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தி எடை எடுங்கள். டயர்கள் சுமக்கும் பாரம் அதுதான். எடையைப் பகிரும் கம்பிகள் கொண்ட கொக்கி என்றால் கம்பிகளை வழக்கம்போல் இறுக்கியே நிறுத்துங்கள், ஏனெனில் அவை கொஞ்சம் பாரத்தை ட்ரெய்லர் அச்சுக்குத் திருப்பி அனுப்பும். அடுத்து, மேடைக்காரர் அனுமதித்தால், ஒரு பக்கச் சக்கரங்கள் மட்டும் மேடையில் ஏற, மறுபக்கம் வெளியே சமதளத்தில் நிற்கும்படி ஒருமுறை எடை எடுங்கள். மொத்தத்தில் இதைக் கழித்தால் மறுபக்கம் வந்துவிடும். அதிகம் சுமக்கும் சக்கரத்தின் எடைக்கு மேல் குறைந்தது 15 சதவீதம் கூடுதல் வலு உள்ள டயரை வாங்குவது எங்கள் பரிந்துரை. 20 இருந்தால் இன்னும் நிம்மதி.

ஒரு ரகம் மேலே போனால் வேறு என்ன மாற்ற வேண்டும்?

இரண்டு விஷயம். பலர் சறுக்குவது இங்கேதான்.

ஒன்று ரிம். அதன் பின்புறத்தில் அதிகபட்ச பாரமும், பலவற்றில் அதிகபட்சக் காற்றும் பொறிக்கப்பட்டிருக்கும். ரிம் 50 பிஎஸ்ஐ-க்கு உரியது என்றால் அதில் 65 அடிக்கக் கூடாது. ரிம் விரிசல் விடும். எதுவும் பொறிக்கப்படாத ரிம் என்றால் தயாரிப்பாளரிடம் கேட்டு உறுதிசெய்யாமல் ரகம் மாற்ற வேண்டாம்.

இன்னொன்று வால்வு. அழுத்திச் செருகும் சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைதான். 80 அடிக்கும் டயருக்கு உயர் அழுத்த வால்வு வேண்டும். நட்டு போட்டு இறுக்கும் உலோக வால்வே நல்லது. புது டயர், பழைய ரப்பர் வால்வு என்ற கூட்டணிதான் வழியில் காற்று இறங்குவதற்கு அடிக்கடி காரணம். கடையில் டயர் மாற்றும்போது வால்வும் புதிதாகத்தான் போடச் சொல்ல வேண்டும்.

டயர் பலமானதால் அச்சின் வரம்போ ட்ரெய்லரின் மொத்த எடை வரம்போ ஒரு கிலோ கூட உயராது. மிச்சமாகக் கிடைத்த வலுவில் சாமான் ஏற்றினால் மாற்றியதற்கே அர்த்தம் இல்லை.

அதே ரகத்தில் பெரிய அளவு போடலாமா?

போடலாம், இடம் இருந்தால். ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது டயர் மேலே தட்டில் உரசக் கூடாது. இரட்டை அச்சில் முன்பின் டயர்கள் ஒன்றையொன்று நெருங்கவும் கூடாது. டயரின் வெளி விட்டத்தைப் பட்டியலில் பார்த்து, இரண்டு அச்சு மையங்களுக்கு இடையிலுள்ள தூரத்தோடு ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள்.

காற்று எவ்வளவு அடிக்க வேண்டும்?

எஸ்டி டயருக்கு, பக்கச்சுவரில் எழுதியிருக்கும் அதிகபட்ச அழுத்தம். டயர் குளிர்ந்திருக்கும்போது. கார் டயருக்குச் சொல்லும் “அதிகபட்சம் வரை அடிக்காதே” என்ற அறிவுரையை இங்கே கொண்டுவர வேண்டாம். சி ரகத்திலிருந்து டி அல்லது ஈ ரகத்துக்கு மாறி, எடையும் சரியாகத் தெரிந்து, தயாரிப்பாளரின் பார அட்டவணையும் கையில் இருந்தால் அதிலிருந்து சற்றுக் குறைக்கலாம். ஆனால் ட்ரெய்லரின் தகவல் பட்டையில் உள்ள அழுத்தத்துக்குக் கீழே ஒருபோதும் போகக் கூடாது.

குளிர்ந்த டயர் என்பது குறைந்தது மூன்று மணி நேரம் ஓடாமல், வெயில் படாமல் நின்ற டயர். ஒரு பக்கம் மட்டும் வெயிலில் நின்றால் அந்தப் பக்கம் கேஜில் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்து இறக்கிவிட்டால் அந்தப் பக்கம் முழுவதும் குறைக் காற்றோடு கிளம்புவீர்கள். காலையில் கிளம்புமுன் பார்ப்பதே வழி.

வழியில் பார்த்தால் 65-க்குப் பதில் 75 காட்டுகிறது. கொஞ்சம் இறக்கிவிடலாமா?

வேண்டாம். ஓடினால் சூடேறும், சூடேறினால் அழுத்தம் ஏறும். டயர் அதற்குத்தான் கட்டப்பட்டது. 65 பிஎஸ்ஐ டயரில் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் ஏறத்தாழ 2.7 பிஎஸ்ஐ கூடும். 75-ஐ 65-க்கு இறக்கினால், இரவு குளிர்ந்த பிறகு அது 56 வாக்கில் நிற்கும். மறுநாள் அந்த 56-லேயே ஓடினால் பக்கச்சுவர் அதிகமாக மடங்கி, முந்தைய நாளைவிட மோசமாகச் சூடேறும். மேலே சொன்ன, உள்ளே கம்பிப் பட்டை பிரியும் கதை தொடங்குவது பெரும்பாலும் இப்படித்தான்.

டயரில் என் (N) என்ற வேகக் குறி இருக்கிறது. 140 கி.மீ. வேகத்தில் போகலாமா?

ஜே 100, கே 110, எல் 120, எம் 130, என் 140 கி.மீ. வேகக் குறியே இல்லாத எஸ்டி டயர் என்றால் 105. மேல் வேகக் குறி உள்ள டயரை வாங்குங்கள். அது சூட்டைத் தாங்கும் திறனின் அடையாளம். ஆனால் ஓட்டும்போது 100-105-க்குள் ஓட்டுங்கள். அந்த இடைவெளிதான் நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய பாதுகாப்பு. ட்ரெய்லரின் பிரேக்கும் ஆட்டமும் எந்த வேகக் குறியையும் படிப்பதில்லை.

டயரின் வயதை எப்படிப் பார்ப்பது?

பக்கச்சுவரில் டாட் (DOT, அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். முழுக் குறியீடு டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம். வெளியே தெரியாவிட்டால் உள்பக்கமாகக் குனிந்து பார்க்க வேண்டியதுதான். கைபேசியை நீட்டிப் படம் எடுத்தால் முதுகு தப்பிக்கும்.

மூன்று ஆண்டு முடிந்ததும் கவனமாகச் சோதிக்கத் தொடங்குங்கள், ஐந்தில் மாற்றிவிடுங்கள். ஆறாவது ஆண்டை எட்டிய ட்ரெய்லர் டயரோடு நெடும்பயணம் வேண்டாம், பட்டன் எவ்வளவு அழகாக இருந்தாலும். கடையில் வாங்கும்போதும் தேதியைப் பாருங்கள். ஆறு மாதத்துக்குள் தயாரானது கிடைத்தால் நல்லது, ஒரு வருடம் தாண்டியதை வேறு கேளுங்கள். புது ட்ரெய்லர் வாங்குகிறவர்களும் பார்க்க வேண்டும்; வண்டி விற்பனை முற்றத்தில் நின்ற காலமும் டயரின் ஆயுளில்தான் கழிகிறது.

எந்த பிராண்டு நம்பகமானது?

பிராண்டுக்கு முன்னால் ஒன்று. அமெரிக்காவில் கார், இலகு சரக்கு வண்டி டயர்களுக்கான 139-ஆம் எண் பாதுகாப்புத் தரவிதி எஸ்டி டயரைக் கட்டுப்படுத்தாது. அதைவிடப் பழைய, எளிதான 119-ஆம் எண் விதியே அதற்கு உரியது. டாட் முத்திரை இருக்கிறது என்பது அந்தக் குறைந்தபட்சத்தைத் தாண்டியதாகத் தயாரிப்பாளர் சொல்கிறார் என்பதற்கு மேல் எதையும் காட்டாது. அதனால்தான் எஸ்டி டயர்களுக்குள் தர வித்தியாசம் இவ்வளவு.

குட்இயர் 2017-ல் கொண்டுவந்த எண்டியூரன்ஸ், கார்லைல் ரேடியல் ட்ரெயில் எச்டி, மேக்சிஸ் எம்8008 ஆகியவை இந்தச் சந்தையில் அறியப்பட்ட பெயர்கள். பெயர் எதுவானாலும் கடையில் கேட்க வேண்டியவை: வேகக் குறி எல் அல்லது அதற்கு மேலா? தயாரிப்புத் தேதி என்ன? தயாரிப்பாளர் பார அட்டவணையை வெளியிடுகிறாரா? உத்தரவாதம் எத்தனை ஆண்டு? அட்டவணை கூடக் கிடைக்காத டயர் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

ரேடியலா, பயாஸ் ப்ளையா?

டயரின் உள்ளிழைகள் குறுக்கே நேராக ஓடினால் ரேடியல், சாய்வாக ஓடினால் பயாஸ் ப்ளை. நெடுஞ்சாலைப் பயணத்துக்கு ரேடியல். குறைவாகச் சூடேறும், நீண்ட நாள் உழைக்கும். இரண்டையும் ஒரே ட்ரெய்லரில் கலக்காதீர்கள்.

இரட்டை அச்சு ட்ரெய்லர் டயர் சீக்கிரம் போகிறது என்பது உண்மையா?

உண்மை. இந்தச் சக்கரங்கள் எதுவும் திரும்பாது. குறுகலான இடத்தில் வளைக்கும்போது முன் அச்சின் டயர் ஒரு பக்கமும் பின் அச்சின் டயர் எதிர்ப்பக்கமும் தரையில் உரசி இழுபடும். யாரையாவது ஓட்டச் சொல்லி வெளியே நின்று பாருங்கள், பக்கச்சுவர் முறுக்கிக்கொள்வது கண்ணுக்கே தெரியும். அந்த முறுக்கில் உள்ளே இரண்டு எஃகுப் பட்டைகளும் எதிரெதிர்த் திசையில் நகரப் பார்க்கின்றன. அவற்றுக்கு இடையிலுள்ள ரப்பரில் ஓரத்திலிருந்து நுண்ணிய விரிசல் விழுகிறது. காற்று குறைந்திருந்தால், பாரம் கூடியிருந்தால் இது வேகமாக வளரும். நிறுத்தும் இடத்தில் ஒரே வீச்சில் ஒடித்துத் திருப்பாமல், முன்னே போய்ப் பின்னே வந்து அகலமாக வளைத்து நிறுத்துவது இதற்கு நல்ல மருந்து.

ட்ரெய்லர் சமமாக நிற்கிறதா என்றும் பாருங்கள். மூக்கு தூக்கி நின்றால் பாரம் பின் அச்சுக்குப் போகும். இலை ஸ்பிரிங் கொண்ட அமைப்பில் நடுவிலுள்ள இணைப்பு ஓரளவு சரிசெய்துவிடும். ரப்பர் முறுக்கு அச்சில் அப்படி எதுவும் இல்லை.

ஒரு டயர் வெடித்துவிட்டது. அதை மட்டும் மாற்றினால் போதாதா?

அதே பக்கத்தில் பக்கத்துச் சக்கரம் அதுவரை இருவர் பாரத்தை ஒருவராகச் சுமந்திருக்கிறது. எவ்வளவு தூரம் சுமந்தது என்று உங்களுக்கும் தெரியாது. அந்த இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். நான்கும் ஒரே வயது, மூன்று ஆண்டு தாண்டியவை என்றால் நான்கையும் மாற்றிவிடுவதே மலிவு. கழன்ற பட்டன் சாட்டைபோலச் சுழன்று அடிக்கையில் சக்கரத் தட்டு, பிரேக் ஒயர், கழிவுநீர்க் குழாய், சில வண்டிகளில் எரிவாயுக் குழாய் வரை பிய்ந்துபோகும். அந்தச் செலவின் முன் டயர் விலை சிறியது. வெடித்த பிறகு அந்தக் குழாய்களைப் பார்க்காமல் நகர வேண்டாம்.

உள்ளே பட்டை பிரியத் தொடங்கியதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

பல நேரங்களில் முடியும். சக்கரத்தைத் தூக்கி, கையால் மெல்லச் சுழற்றி, பட்டனுக்கு அருகே ஒரு குச்சியை அசையாமல் பிடியுங்கள். ஓரிடத்தில் மேடு வந்து குச்சியைத் தொட்டால், அல்லது பட்டன் பாம்புபோல நெளிந்தால், டயர் முடிந்தது. கையுறை போட்டுக்கொண்டு பட்டனையும் பக்கச்சுவரையும் தடவிப் பாருங்கள். கம்பி நீட்டிக்கொண்டிருக்கலாம் என்பதால் வெறும் கை வேண்டாம். ஓட்டுகிறவருக்கு அதிர்வு தெரியும் என்று நம்ப வேண்டாம்; ட்ரெய்லரின் அதிர்வு கொக்கியைத் தாண்டி வருவதற்குள் அமுங்கிவிடும்.

ஜாக்கியை அச்சுக் குழாயின் அடியில் கொடுக்காதீர்கள், வளைந்துவிடும். ட்ரெய்லரின் சட்டகத்தில் கொடுங்கள். மறுபக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அணை வையுங்கள்.

காற்றழுத்தக் கண்காணிப்புக் கருவி தேவையா?

தேவை. இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை. இரட்டை அச்சில் ஒரு டயர் இறங்கினால் ஓட்டுநருக்குத் தெரியாது. பக்கத்து டயர் தாங்கிக்கொண்டே ஓடும். குறைந்த அழுத்த எச்சரிக்கையைக் குளிர்ந்த அழுத்தத்தைவிடப் பத்து சதவீதம் கீழே வையுங்கள்: 65-க்கு 58, 80-க்கு 72. சூட்டு எச்சரிக்கை பொதுவாக 70 டிகிரி செல்சியஸ். வால்வின் வெளியே திருகும் வகை, காற்றுபடும் இடத்தில் இருப்பதால், டயரின் உண்மையான சூட்டைவிடக் குறைவாகக் காட்டும். எனவே எண்ணைவிட ஒப்பீடு முக்கியம்: மூன்று சக்கரங்கள் ஒன்றுபோல் இருக்க ஒன்று மட்டும் 10 டிகிரி ஏறியிருந்தால் காற்று, பிரேக், பேரிங் இவற்றில் ஒன்று சரியில்லை. சென்சாரின் எடை ரப்பர் வால்வை ஆட்டி ஆட்டி அடியில் கிழிக்கும். உலோக வால்வுக்கு இதுவும் ஒரு காரணம்.

கடையில் மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பேலன்சிங் செய்யச் சொல்லுங்கள். “ட்ரெய்லருக்குத் தேவையில்லை” என்பார்கள். ஆடும் சக்கரம் பட்டனை அங்கங்கே தின்னும், உள்ளே சாமானையும் உலுக்கும்.

வீல் நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிவிட்டு அனுப்ப விடாதீர்கள். அரை அங்குல போல்ட்டுக்கு வழக்கமான இறுக்கம் 90 முதல் 120 அடி-பவுண்டு (122-163 நியூட்டன் மீட்டர்). உங்கள் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால், எதிரெதிர் நட்டாக, மூன்று சுற்று: முதலில் 20-25, பிறகு 50-60, கடைசியில் முழு இறுக்கம். அதன் பிறகு 10, 25, 50 மைலில் (16, 40, 80 கி.மீ.) நிறுத்தி மறுபடி இறுக்கிப் பாருங்கள். புது அலுமினிய ரிம்மில் நட்டு தளர்வது சர்வ சாதாரணம்.

ஓரம் மட்டும் தேய்கிறதே?

இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் பாரத்துக்கு மேல் காற்று. ஒரே ஓரம் என்றால் அச்சு வளைந்திருக்கலாம். அதிக பாரமோ பள்ளத்தில் விழுந்த அடியோ காரணம். அச்சைச் சரிசெய்யாமல் டயர் மாற்றினால் புது டயரும் அதே வழியில் போகும். அங்கங்கே குழிபோலத் தேய்ந்தால் பேலன்சிங், அல்லது தளர்ந்த பேரிங்.

பஞ்சர் போட்டு ஓட்டலாமா?

பட்டனின் நடுப்பகுதியில், 6 மி.மீ.க்கு மிகாத ஓட்டை என்றால், டயரைக் கழற்றி உள்ளிருந்து அடைப்பும் ஒட்டும் சேர்த்துப் போட்டால் சரி. வெளியிலிருந்து செருகும் கயிறு அடுத்த கடை வரை போகத்தான். பக்கச்சுவரில் ஓட்டை, அல்லது காற்றில்லாமல் கொஞ்ச தூரம் ஓடிய டயர்: தூக்கிப் போடுங்கள்.

ஸ்டெப்னி?

மற்ற நான்கின் அதே அளவு, அதே ரகம். அதன் தேதியையும் காற்றையும் யாரும் பார்ப்பதில்லை. வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னி தேவைப்படும் நாளில் பாதிக் காற்றோடு இருக்கும். நான்கையும் மாற்றும்போது ஐந்தாவதையும் சேர்த்து மாற்றுங்கள்.

பல மாதம் நிறுத்திவைக்கும்போது?

காற்றை முழு அளவில் வைத்து நிறுத்துங்கள். சக்கரம் தரையைத் தொடும் பரப்பைவிடப் பெரிய பலகையை அடியில் கொடுங்கள். சட்டகத்தைத் தாங்கியில் ஏற்றிப் பாரத்தைக் குறைத்தால் இன்னும் நல்லது. வெயில் படும் பக்கத்துக்கு உறை போடுங்கள். ரப்பரில் விரிசலைத் தடுக்கும் மெழுகு கலந்திருக்கிறது. டயர் உருண்டு மடங்கும்போதுதான் அது மேற்பரப்புக்கு வரும். மாதக்கணக்கில் அசையாத டயரில் அது வராது. பளபளப்புக்காகப் பெட்ரோலியம் கலந்த பாலிஷ் பூசினால் இருக்கும் மெழுகையும் அது கரைத்துவிடும். மென்மையான சோப்புத் தண்ணீரே போதும். மறுபடி கிளம்புமுன் குச்சி வைத்துச் சுழற்றும் சோதனையை ஐந்து சக்கரத்துக்கும் செய்யுங்கள்.